தேவசகாயம் சாரின் ஒரே விகிதம்

ஜனவரி 8, திங்கள்

டெல்லியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. வருமான வரியைத் திருத்தி அமைக்கப் போட்டிருக்கும் குழு மார்ச் முதல் வாரத்தில் எங்கள் ஆய்வு மையத்தின் கருத்தைக் கேட்கப்போகிறது. முதலில் எழுத்தில் ஓர் அறிக்கை, பிறகு நேரில் அரை மணி நேரம். இயக்குநர் தேவசகாயம் சார் மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் மேசைக்கும் போனார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் மாதிரி இருந்தது.

இருபது வருடமாக அவர் சொல்லிவருவது ஒன்றுதான். சம்பாத்தியம் ஏற ஏற வரி விகிதமும் ஏறக்கூடாது. எல்லோருக்கும் ஒரே விகிதம், பதினைந்து சதவீதம். சலுகை, கழிவு எதுவும் கிடையாது. ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்கு முடிந்துவிட வேண்டும். அப்போது யாரும் வருமானத்தை மறைக்க மாட்டார்கள், கூடுதலாக உழைப்பார்கள், கூடுதலாக முதலீடு செய்வார்கள், நாடு வேகமாக வளரும்.

இது அவருக்கு வெறும் கொள்கை இல்லை. அவருடைய தகப்பனார் குலசேகரத்தில் ரப்பர் வியாபாரி. சர்ச் பணத்தையே நம்பி அவரிடம் கொடுத்துவைப்பார்களாம். அந்த மனிதர் வரி அதிகாரி வந்தால் மட்டும் பொய் சொல்வாராம். அப்போதெல்லாம் உச்ச விகிதம் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. “எங்கப்பாவைப் பொய்யனாக்குனது அந்த விகிதம்தான்” என்று சார் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

மூன்றாம் அத்தியாயம் என் பொறுப்பு. ஒரே விகிதத்துக்கு மாறிய நாடுகள் மற்ற நாடுகளைவிட வேகமாக வளர்ந்தனவா என்று காட்ட வேண்டும். ஆய்வுக்குப் பணம் தருவது ஒரு தொழிலதிபர்கள் சங்கம். நிர்வாகம் பார்க்கும் நூருல்லாவுக்குத்தான் பெரிய நிம்மதி. இந்த வேலை இல்லாவிட்டால் கோடைக்குப் பிறகு மையம் இருக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது.

சந்தோஷத்தில் சார் நூருல்லாவை “ஸ்டீபன்” என்று கூப்பிட்டார். முன்பு நிர்வாகம் பார்த்த ஸ்டீபன் ஓய்வு பெற்று ஆறேழு வருடம் ஆகிறது. எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

ஜனவரி 12, வெள்ளி

புள்ளிவிவரங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மகள் தேனம்மைக்குப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு வெள்ளைக் கோட்டு வேண்டும். போனதடவை வாங்கியதற்குள் நுழைய முடியவில்லை.

ஜனவரி 18, வியாழன்

முதல் முடிவு வந்தது. ஒரே விகித நாடுகள் வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் கூடுதலாக வளர்ந்திருக்கின்றன. சாரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். பலகையில் படம் போட்டு ரஷ்யா 2001-இல் பதின்மூன்று சதவீதத்துக்கு மாறிய கதையை விளக்கினார். காலையில் காபி குடிக்கும்போதும் அதே கதையைச் சொல்லியிருந்தார். ஆர்வம் வந்தால் அவர் அப்படித்தான்.

வீட்டுக்காரர் வயிரவன் மாலையில் பணியாரம் சுட்டிருந்தார். அவருடைய கம்பெனி போன ஆடியில் மூடியதிலிருந்து சமையல் அவருடையது. கைப்பக்குவம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இன்றும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தார். எங்கே போகப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

ஒன்று சரியில்லை.

ஒரே விகிதத்துக்கு மாறிய நாடுகளில் பெரும்பாலானவை சோவியத் யூனியன் உடைந்தபோது குப்புற விழுந்து, பிறகு எழுந்தவை. எழும் நேரத்தில்தான் வரியையும் மாற்றின. காய்ச்சலில் கிடந்த பிள்ளை தேறி ஒரே மாதத்தில் மூன்று கிலோ ஏறுகிறது. அந்த மாதம் ஒரு டானிக்கும் கொடுத்தோம். எடை டானிக்கால் ஏறியதா, காய்ச்சல் விட்டதால் ஏறியதா? ரஷ்யாவில் அதே வருடங்களில் எண்ணெய் விலையும் ஏறியது. எஸ்டோனியா வரியோடு நாணயத்தையும் வங்கிகளையும் வணிகத்தையும் சேர்த்தே மாற்றியது.

விழுந்து எழுந்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்த ஒன்றரை சதவீதம் காணாமல் போகிறது. வளர்ச்சி குறைந்தது என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஜனவரி 24, புதன்

வேறு வழியில் செய்து பார்த்தேன். அதே.

ஜனவரி 29, திங்கள்

இன்னும் சாரிடம் சொல்லவில்லை. காலையில் அவருக்குக் கூட்டம். மதியம் நூருல்லா உள்ளே இருந்தார். மாலையில் எனக்குத் தலைவலி. வரும் வழியில் தேனம்மையின் கண்ணாடியைச் சரிபார்க்கக் கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் சொல்லியிருந்தேன், வரவில்லை.

வயிரவனிடம் சொன்னேன். சொல்லிவிடுவதுதான் முறை என்றார். எனக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்கு இப்போது வருவது ஒரே சம்பளம்.

பதினோரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு நான் மறுபடி வேலை தேடியபோது எந்தக் கல்லூரியும் என் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. தேவசகாயம் சார்தான் கூப்பிட்டு, வீட்டில் இருந்த காலத்தில் என்ன படித்தீர்கள் என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, நாளைக்கு வந்துவிடுங்கள் என்றார். அவருடைய இருபது வருடத்தில் நான் கைவைக்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 2, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேள்வி.

“2009-ஐச் சேத்தியா?”

“சேத்தேன் சார். சேத்தா இன்னும் மோசமாகுது. அந்த வருஷ நெருக்கடியில லாட்வியா விழுந்த மாதிரி யாரும் விழல.”

“எண்ணெயக் கழிச்சியா?”

“கழிச்சிட்டேன்.”

“மறைக்கிறது குறைஞ்சுதுன்னாவது இருக்கா?”

“அதுக்குக் கொஞ்சம் இருக்கு சார். வளர்ச்சிக்குத்தான் இல்ல.”

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். எதிரே மருந்துக்கடையில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்போ நான் இத்தன வருஷமா சொல்லிட்டிருந்தது எனக்குப் பிடிச்ச ஒண்ணு. நிரூபிச்ச ஒண்ணு இல்ல. அப்படித்தான?”

கையிலிருந்த கணக்குத் தாள்களை அவர் மேசையில் வைத்தேன்.

“அதையே எழுது, கேட்டியா. சங்கத்துக்காரங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன். தப்புன்னு தெரிஞ்ச பிறகும் சொன்னா எங்கப்பா பண்ணுன வேலையத்தான் நானும் பண்ணுனதா ஆகும்.”

ஆட்டோவில் வரும்போது அழுதுவிட்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார். துக்கம் இல்லை. இப்படி ஒருவரிடம் வேலை பார்க்கிறேன் என்ற நினைப்பு.

பிப்ரவரி 5, திங்கள்

காலையில் முதல் வேலையாகச் சார் என்னைக் கூப்பிட்டார். மூன்றாம் அத்தியாயம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். ஒன்றரை சதவீதம் என்பதைத் தடித்த எழுத்தில் போட வேண்டுமாம், குழுவினர் பக்கத்தைப் புரட்டினாலே கண்ணில் பட வேண்டுமாம்.

சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேறு என்ன சொல்வது?

சனி, ஞாயிறில் சங்கத்திலிருந்து யாரோ பேசியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அப்படிப் பேசிய மனிதர், திங்கட்கிழமை எதுவுமே நடக்காத மாதிரி என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். கோபத்தைவிட அவமானமாக இருந்தது. அவருக்காக ஆட்டோவில் அழுதிருக்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

சாரின் மனைவி ரோஸ்லின் அக்கா மதியச் சாப்பாட்டோடு அலுவலகத்துக்கு வந்தார். செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருடத்தில் கிறிஸ்துமஸ் கேக் கொடுக்க மட்டும்தான் வந்து பார்த்திருக்கிறேன். இன்று சாயங்காலம் வரை சாரின் அறையில் உட்கார்ந்து சுடோகு போட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என்னிடம், முக்கியமான விஷயம் ஏதும் இருந்தால் காலையிலேயே அவரிடம் பேசிவிடு, மதியத்துக்கு மேல் களைத்துப்போகிறார் என்றார். டெல்லிக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.

சர்க்கரை கூடியிருக்கும். அறுபத்தி மூன்று வயதில் யாருக்குத்தான் களைப்பு இல்லை.

பிப்ரவரி 12, திங்கள்

இன்று நேராகவே கேட்டுவிட்டேன். ரெண்டாம் தேதி நாம் பேசி முடிவு செய்ததை ஏன் மாற்றினீர்கள் சார் என்று.

“என்ன பேசினோம்?”

நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியாத ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் பெயர்ப்பலகையைத் தேடுவதுபோல என் முகத்தில் எதையோ தேடினார். உடனே, “ஆமா ஆமா, பேசினோம்” என்றார்.

நான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“2009-ஐச் சேத்தியா?” என்று கேட்டார். “எண்ணெயக் கழிச்சியா?” அதே சொற்கள், அதே வரிசை.

ஆனால் இந்த முறை ஜன்னலுக்குப் போகவில்லை. மேசையில் கையால் அடித்தார். “என் இருபது வருஷ வேலைய எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அழிச்சிட்டியா? யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?” அவர் என்னிடம் குரலை உயர்த்தியது இதுதான் முதல்முறை.

அவருக்குத் தூக்கம் குறைவாக இருக்கலாம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

விடுப்பு எடுத்தேன். தொட்டி கழுவ ஆள் வந்தார். அரிசியைப் புடைத்தேன். பரணில் இருந்த பாத்திரத்தை எல்லாம் இறக்கித் தேய்த்தேன். தேய்க்க வேண்டிய அவசியம் எதற்கும் இல்லை.

பிப்ரவரி 15, வியாழன்

நூருல்லா என் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். சங்கம் வரைவைக் கேட்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணத்தை அனுப்புவார்கள்.

சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மானிட்டரில் இல்லாத தூசியைத் துடைத்தபடி பேசினார். “தெனமும் காலைல வந்ததும் அன்னிக்கு யார் யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு நான்தான் அவருக்குச் சொல்றேன் மேடம். ஒரு வருஷமா சொல்றேன். நீங்களும் கவனிச்சிருப்பீங்க.”

கவனித்தேனா? ஸ்டீபன் என்று கூப்பிட்டபோது சிரித்தேன்.

“சார் கேட்ட மாதிரியே அனுப்பிடுங்க” என்றார். “அவருக்கும் சந்தோஷம். நம்ம ஒம்போது பேருக்கும் வேல இருக்கும்.”

உட்கார்ந்து யோசித்தால் பயமாக இருக்கிறது. ரெண்டாம் தேதி பேச்சு யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் அது நடக்கவே இல்லை. ஒன்றரை சதவீதத்தைத் தடித்த எழுத்தில் போட்டு அனுப்பினால் எல்லோரும் நன்றி சொல்வார்கள். என்னைக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே மனிதருக்கு அந்தக் கேள்வி நினைவில் இல்லை.

பிப்ரவரி 17, சனி

ரோஸ்லின் அக்கா வீட்டுக்கு வரச் சொன்னார். சார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் நின்றபடியே பேசினோம். அந்த எண்ணில் எனக்கு இருக்கும் சிக்கலை நூருல்லா ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தார்.

போன ஐப்பசியில் டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டாராம். “அந்த நோய்க்கு ஒரு பேரு இருக்கு. நாங்க அத வீட்டுல சொல்றதில்ல” என்றார். நானும் இங்கே எழுதவில்லை.

சாருக்குத் தெரியுமா என்று கேட்டேன். சில நாள் தெரியும், அந்த நாட்கள்தான் கஷ்டமான நாட்கள் என்றார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “உமா, அவரு கேட்டது இந்த ஒரு மேடதான். வேற எதுக்கும் ஆசப்பட்டதில்ல. ஒரு தடவ போய்ப் பேசிட்டு வரட்டும். தான் நெனச்சது சரின்னு நெனச்சிக்கிட்டே இருக்கட்டும். ஒரு அறிக்கையில ஒரு எண்ணு இருந்தா நாட்டுல வரி மாறிடுமா?”

மாறாது என்று சொல்ல வாயெடுத்தேன். மாறக்கூடும். வேறு மூன்று பேர் அதே எண்ணைச் சொன்னால் மாறும். அப்படி மாறினால் இன்று ஐந்து சதவீதம் கட்டுகிறவர் பதினைந்து கட்டுவார். முப்பது கட்டுகிறவரும் பதினைந்து கட்டுவார். வளர்ச்சி வந்தால் எல்லோருக்கும் ஈடுகட்டிவிடும் என்பதுதான் சாரின் வாதம். அந்த வளர்ச்சிக்குத்தான் சான்று இல்லை.

சார் எழும் முன்பே கிளம்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நேற்று வயிரவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தேவசகாயம் சார் இருக்கிறார்கள், ஒருவர் உண்மையை எழுதச் சொன்னவர், இன்னொருவர் மேசையில் அடித்தவர், நான் யார் சொல்வதைக் கேட்பது என்றேன். பயறு ஆய்ந்துகொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார்.

“அவர் அப்படிச் சொன்னார்ங்கிறதுக்கு நீ ஒருத்திதான் சாட்சி” என்றார். “அதுல உனக்கு லாபம் ஒண்ணும் இல்ல. வேல போகும். அப்போ நீ சொல்றத நம்பலாம். போய் அந்தம்மாகிட்ட சொல்லு.”

“வேல போனா?”

“நான் ஏதாவது பாக்கிறேன்.” போன ஆடியிலிருந்து அவர் இதைச் சொன்னதில்லை.

இன்று மறுபடி அந்தச் சமையலறைக்குப் போனேன். ரெண்டாம் தேதி நடந்ததை ரோஸ்லின் அக்காவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே திரும்பச் சொல் என்றார். சொன்னேன். எனக்குப் பிடித்த ஒன்று, நிரூபித்த ஒன்று இல்லை என்றதை. தகப்பனாரைப் பற்றிச் சொன்னதை. ஜன்னல் பக்கம் போய் நின்றதை.

“கோவப்பட்டாரா?”

“இல்லக்கா.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அது அவருதான்” என்றார். “கல்யாணம் பண்ணின நாள்லேருந்து எனக்குத் தெரிஞ்ச ஆளு அதுதான்.”

பிப்ரவரி 26, திங்கள்

போன வாரம் காலைதோறும் சாரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதுச் செய்தி. ஒருநாள் கோபம். ஒருநாள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் சிரித்துவிட்டு, “பொருளாதாரம் படிச்சதுக்குப் பதிலா ரப்பர் வித்திருக்கலாம்” என்றார். கெட்ட செய்தியை ஒரே மனிதருக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுபோவது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நிறுத்திவிடலாம் என்று ரோஸ்லின் அக்காவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று நல்ல நாள். சார் மூன்றாம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். ஓர் இடத்தில் நிறுத்திப் பேனாவை எடுத்தார்.

“இங்க சான்று இல்லன்னு எழுதியிருக்க. சான்று கிடைக்கலன்னு எழுது. ரெண்டும் வேற.”

அவர் சொன்னதுதான் சரி. இத்தனை நாள் நான் அதைக் கவனிக்கவில்லை. அவரே அடித்துத் திருத்தி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

அவர் ஒப்புக்கொள்ளும் நாளுக்காகக் காத்திருந்து கையெழுத்து வாங்கியது நான்தான். நாளைத் தேர்ந்தெடுத்தது நான். இது சரியா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. மாலையில் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 2, வெள்ளி

சங்கத்திடமிருந்து பதில் இல்லை. நூருல்லா என்னிடம் பேசுவதில்லை. நேற்று தேனம்மைக்கு முதல் தேர்வு. தமிழ் எளிது என்கிறாள். சாமிக்கு விளக்கேற்றும்போது தேர்வுக்கு வேண்டிக்கொள்ளவில்லை, டெல்லிக்குத்தான் வேண்டிக்கொண்டேன். பிறகு வெட்கப்பட்டு அவளுக்கும் சேர்த்து வேண்டினேன்.

மார்ச் 5, திங்கள்

டெல்லி. விருந்தினர் இல்லத்தில் வெந்நீர் வரவில்லை. சார் ரோஸ்லின் அக்காவிடம் எதற்காக வந்திருக்கிறோம் என்று கேட்டார். அவர் சொன்னார். சாருக்கு முகம் மலர்ந்தது.

மார்ச் 6, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீளமான மேசை. அந்தப் பக்கம் குழுவினர் ஏழெட்டுப் பேர். தலைவர் வயதானவர், மெதுவாகப் பேசினார். இந்தப் பக்கம் சாரும் நானும். பின்னால் சுவரோர நாற்காலியில் ரோஸ்லின் அக்கா. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில். சார் குறிப்பு எதையும் பார்க்காமல் ஆரம்பித்தார். தகப்பனாரின் கதை, தொண்ணூறு சதவீத விகிதம், நேர்மையான மனிதனைப் பொய் சொல்லவைக்கும் சட்டம் நல்ல சட்டமாகாது என்பது. அவர் இவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை. குழுவில் இரண்டு பேர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எளிமையோடு நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் போகக்கூடாது என்று நான் மேசைக்கு அடியில் விரல்களை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

தலைவர் எங்கள் அறிக்கையைப் புரட்டினார். ஒரே விகிதம் பொருளாதார வளர்ச்சியைக் கூட்டுமா, கூட்டாதா? உங்கள் மூன்றாம் அத்தியாயத்துக்கும் இப்போது நீங்கள் பேசியதற்கும் தொனி வேறாக இருக்கிறதே என்றார்.

சார் உடனே, ஐயமே இல்லை, கூட்டும் என்றார். ரஷ்யாவில் 2001-இல் என்று தொடங்கினார். பாதியில் நின்றார். சொல் வரவில்லை. மறுபடி ரஷ்யாவில் என்றார். குழுவில் ஒருவர் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்திவைத்தார்.

சார் என்னைப் பார்த்தார்.

நான் அனுமதி கேட்டுவிட்டுப் பேசினேன். ஒரே விகிதத்தால் வளர்ச்சி கூடியது என்று காட்ட எங்களுக்குச் சான்று கிடைக்கவில்லை என்றேன். மாறிய நாடுகள் ஏற்கெனவே விழுந்து எழுந்துகொண்டிருந்தவை, அந்த ஏற்றத்திலிருந்து வரியின் பங்கை எங்களால் பிரிக்க முடியவில்லை. வருமானத்தை மறைப்பது குறைந்ததற்கு ஓரளவு சான்று உண்டு. எளிமைக்காக இந்த முறையை விரும்பலாம், வளர்ச்சி வரும் என்று வாக்குக் கொடுத்து விரும்பவைக்கக் கூடாது.

சொல்லி முடிக்கும் வரை நான் சார் பக்கம் திரும்பவில்லை. திரும்பியபோது அவர் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. என் பக்கம் சாய்ந்து, தமிழில், தணிந்த குரலில் கேட்டார்:

“உமையாள், இது எனக்கு முன்னாலயே தெரியுமா?”

“தெரியும் சார். நீங்கதான் எழுதச் சொன்னீங்க.”

“நானா?”

“நீங்கதான் சார்.”

என்னை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். அவரிடம் வேறு எந்த ஆதாரமும் இல்லை. நான் பொய் சொன்னாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அவர் தலையசைத்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்: சற்றுமுன் நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் சக ஆய்வாளர் சொன்னதே எங்கள் மையத்தின் முடிவு. பதிவில் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தலைவர் சாரின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, பேனாவை மூடிவைத்துவிட்டு நன்றி சொன்னார். நாங்கள் எழுந்தபோது அவரும் எழுந்து நின்றார்.

தாழ்வாரத்தில் ரோஸ்லின் அக்கா சாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

மார்ச் 7, புதன்

திரும்பும் விமானத்தில் சாருக்கு ஜன்னலோர இருக்கை. எப்படி நடந்தது என்று ரோஸ்லின் அக்காவிடம் இரண்டு மூன்று தடவை கேட்டார். நல்லாப் பேசினீங்க என்று ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னார். அது பொய்யில்லை.

மார்ச் 16, வெள்ளி

சங்கம் பணத்தை நிறுத்திவிட்டது. கடிதம் மரியாதையாக இருந்தது. இந்த மாதத்தோடு மையத்தை மூடுவதென்று முடிவாகிவிட்டது. எல்லோரும் கூடியிருந்த அறையில் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நூருல்லா எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டே வந்து, என் குவளை வந்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு ஊற்றினார். “சார் அங்க திரும்பப் பெற்றுக்கிட்டாராமே” என்றார். ஆமாம் என்றேன். “அவர் செய்வார்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

வயிரவனுக்கு அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. முன்பு வாங்கியதில் பாதிதான். இன்று இஸ்திரி போட்ட சட்டையில் போய்விட்டு வந்தார். நானும் இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். தேனம்மை கணக்குத் தேர்வில் ஒரு பத்து மதிப்பெண் கேள்வியை விட்டுவிட்டாள். அவளை நான் திட்டவில்லை, அதனாலேயே அவள் பயந்துபோனாள்.

குழு என்ன பரிந்துரைக்கப்போகிறது என்று தெரியாது. எங்கள் மூன்றாம் அத்தியாயத்தை யாரும் படிக்காமலேயே போகலாம்.

மார்ச் 31, சனி

மையம் காலி செய்யப்பட்டுவிட்டது. திங்கட்கிழமை காலை நூருல்லா கட்டடச் சாவியை உரிமையாளரிடம் ஒப்படைக்கிறார்.

நேற்று பெரிய வெள்ளி, இன்று காலையில்தான் சாரைப் பார்க்கப் போக முடிந்தது. ரோஸ்லின் அக்கா நாளை ஈஸ்டருக்கு ஆப்பத்துக்கு அரைத்துக்கொண்டிருந்தார். சார் கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி, ஒரே விகித வரியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எல்லாவற்றையும் முதலிலிருந்து. எளிமை, நேர்மை, தகப்பனாரின் பொய். டெல்லி போனதோ, அறிக்கையோ, எதுவும் அதில் இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி அவரைத் திருத்த வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. அவர் சொல்வதை வைத்து யாரும் எதையும் செய்யப்போவதில்லை. ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அப்படிச் செய்யத்தான் நினைத்திருந்தேன்.

பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“வளர்ச்சி வரும்லா? நீ என்ன நெனைக்க?”

உள்ளே அரைக்கும் சத்தம் நின்றது.

“தெரியல சார்” என்றேன்.

செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் முகத்தில், நான் வேலை கேட்டு வந்த அன்று பார்த்த அதே ஆவல்.

“தெரியலன்னா கண்டுபிடிக்கணும் உமையாள். சும்மா நம்பிட்டு இருக்கக் கூடாது. திங்கக்கெழம ஆரம்பிச்சிருவோமா?”

“ஆரம்பிச்சிரலாம் சார்.”